அடுக்களைக்கும் ஒரு பங்கு

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பொழுது விடியுமுன்னரே பால் கறக்கப்பட்டுச் சங்கத்திற்குச் சென்றுவிடுகிறது. மாலையிலும் அவ்வாறே. கறவை மாடு இரண்டு உள்ள வீட்டிலுங்கூட, குழந்தைக்கும் காப்பிக்கும் எடுத்துவைத்த உழக்குப் பால் நீங்கலாக மற்றதெல்லாம் பணமாகிவிடுகிறது. நெய் உருக்குவது விசேஷ நாட்களில் மாத்திரமே. மோர் கடையும் மத்துப் பல வீடுகளில் பரணேறிவிட்டது. கறியும் மீனும் வாரத்தில் ஒரு நாள், அல்லது திருவிழாவுக்குத் திருவிழா. ஆகவே பால், நெய், தயிர், ஊன் ஆகிய யாவுமின்றி, நிலத்தில் விளைந்ததை மட்டும் கொண்டு ஆக்கும் சமையல் இக்குடும்பங்களுக்குப் புதிய சங்கதி அன்று. வாரத்தின் பெரும்பாலான வேளைகளில் அடுப்பேறுவது அதுவேயாகும்.

இத்தகைய உணவுமுறைக்கு 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'வீகன்' என்று ஒரு பெயர் இட்டார்கள். இன்று நகரங்களில் சிலர் ஜீவகாருண்யம் கருதியும், சிலர் தேக ஆரோக்கியம் கருதியும் அதனை விரதம்போல் அனுஷ்டிக்கிறார்கள். அவ்விரதம் தகுமா தகாதா என்று ஆராய்வது இங்கே நோக்கமன்று. விரதமென்ற எண்ணமே இல்லாமல் அவ்வுணவை உண்டுவரும் குடியானவர் வீட்டில், அது சத்துள்ளதாகவும் பலவகைப்பட்டதாகவும் அமைகிறதா என்பதே கேள்வி. காலையில் இட்டலி அல்லது பழையது; மத்தியானம் தீட்டிய வெள்ளரிசிச் சோறும் புளிக்குழம்பும்; இரவில் மிஞ்சிய சோறும் அதே குழம்பும் என்று வருஷம் முழுவதும் கழியுமாயின், அதனை மரக்கறி உணவென்று சொல்லலாமேயன்றி நல்லுணவென்று சொல்லுதல் இயலாது.

இக்குறைக்குச் சமைக்கிறவளைக் குறைகூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. குதிரில் உள்ளதைத்தான் அவள் சமைக்க முடியும். பலவகை உணவு உண்டா இல்லையா என்பது அடுப்பங்கரையில் தீர்மானமாகிற காரியமன்று. விதைப்பு நாளிலேயே அது தீர்மானமாகிவிடுகிறது. ஏர் பூட்டுமுன் சந்தை விலையை விசாரிக்கும் நிலக்காரர், வீட்டின் தேவையையும் ஒரு வார்த்தை விசாரிப்பாரானால் இக்குறையில் பெரும்பகுதி தீர்ந்துபோகும்.

நெல் மிகுந்தது, மற்றவை குறைந்தன

மதுரை ஜில்லாவின் நிலம் ஒரு தன்மையதன்று. பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்ட பின்னர், மேலூர், வாடிப்பட்டி, மதுரை வடக்கு ஆகிய தாலுகாக்களில் வானத்தை நம்பியிருந்த நிலம் நெல் வயலாயிற்று. திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டித் தாலுகாக்களிலோ கரிசலும் செவ்வலும் கலந்த மானாவாரி நிலமே அதிகம். அங்கே சோளம், கம்பு, வரகு, குதிரைவாலி, சாமை ஆகிய தானியங்களும், அவற்றினூடே துவரை, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு ஆகிய பயறுகளும் விளைந்தன. அவ்வூர்களில் நெற்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் உரியதாயிருந்தது. அதனாலேயே நெற்சோற்றுக்கு ஒரு கௌரவமும், வரகுக்கும் கம்புக்கும் ஓர் இழிவும் ஏற்பட்டன.

பின்னர் ஆலைகள் வந்தன, உரல் ஓய்ந்தது. நியாயவிலைக் கடைகளில் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படலாயிற்று. இதனால் ஏழைகளின் பசி தணிந்தது என்பதை மறுப்பவர் இரார். பஞ்ச காலத்தை அறிந்த ஜில்லாவில் அது சிறிய நன்மையன்று. எனினும், அரிசி எளிதில் கிடைக்கக் கிடைக்க, மற்றத் தானியங்கள் வயலிலிருந்தும் வட்டிலிலிருந்தும் ஒருங்கே விலகின. தானியத்தோடு சேர்த்து விதைக்கப்பட்ட பயறும் அதனுடனேயே போயிற்று. சோளக் காட்டை விட்டவர் சோளத்தை மட்டும் விடவில்லை. அதனூடே விளைந்த மொச்சையையும் தட்டைப்பயற்றையும், சாலோரத்துக் கீரையையும், மாட்டுக்குரிய தட்டையையும் சேர்த்தே விட்டார்.

இந்நிலை மிராசுதாரின் வீட்டோடு நின்றுவிடவில்லை. முன்னாளில் களத்துமேட்டில் கூலி தானியமாக அளக்கப்பட்டது. நிலக்காரர் எதை விதைத்தாரோ அதுவே உழைப்பாளியின் கஞ்சியாகவும் இருந்தது. இன்று கூலி பணமாகக் கொடுக்கப்படுகிறது. அப்பணம் பருப்பு விலை ஏறும் மாதங்களில் பருப்புக்குப் போதுவதில்லை. ஆகையால் ஊரில் பயறு விளையாமற்போனால், முதலில் பயறு மறைவது நிலமில்லாதவன் வட்டிலில்தான்.

ஒரே உணவினால் நேர்ந்த கேடு

ஒரே வகை அரிசியை நம்பி வாழ்வதால் என்ன நேரும் என்பது இராஜதானிக் காலத்திலேயே ஆராயப்பட்ட விஷயம். 1918ஆம் ஆண்டில் குன்னூரில் டாக்டர் மக்காரிசன் என்பவரின் கீழ்ப் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிற்று. அதுவே பின்னர் வளர்ந்து, ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகிறது. ஆந்திரக் கரையோரத்து வடசர்க்கார் ஜில்லாக்களில், பச்சரிசியை ஆலையில் மிகத் தீட்டி உண்டவர்களிடையே கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளரும் அந்நோய் பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களிலோ அது அரிதாகவே காணப்பட்டது. காரணம் யாதெனில், நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டோரத்தில் உள்ள பி1 என்னும் ஜீவசத்து அரிசியின் உட்புறத்தில் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. பாட்டிமார் கைப்பழக்கமாகச் செய்துவந்த ஒரு காரியம் ஒரு தேசத்தையே நோயினின்று காத்தது.

பெரிபெரி இன்று அருகிவிட்டது. ஆனால் சோகை அருகவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். இதற்கு உணவு ஒன்றே காரணமென்று கூறுவது மிகையாகும். கொக்கிப்புழு, அடுத்தடுத்த பிரசவம் முதலிய காரணங்களும் உண்டு. எனினும் தீட்டிய அரிசியும் புளிநீரும் மட்டும் உண்டு, களையெடுப்பிலும் நாற்று நடவிலும் முதுகு வளைப்பவளுடைய இரத்தம் எவ்வாறு ஊறும்? நாற்று நடும் கையில் வலுவில்லையானால், அந்நஷ்டம் வயலின் கணக்கிலும் வந்து சேரும்.

கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஒரு பெரியாரின் யோசனை

இதற்கு வழி தேடப் புறநாடு செல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டில் பிறந்து, அந்நிய நாடுகளில் கணக்கியலும் பொருளியலும் கற்று, காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, தம் வாழ்வின் பிற்பகுதியில் பேரையூர்த் தாலுகாவைச் சேர்ந்த தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கியிருந்தார். 1960ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவர் வற்புறுத்திவந்த கொள்கைகளுள் ஒன்று சமநிலைச் சாகுபடி என்பது. ஒரு பிரதேசத்து ஜனங்கள் ஆரோக்கியமாக வாழத் தானியம் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் வித்து எவ்வளவு, வெல்லம், காய்கறி, கிழங்கு, பழம் எவ்வளவு என்று முதலில் கணக்கிட வேண்டும். அதற்கேற்ப நிலத்தை ஒதுக்கிய பின்னரே விற்பனைக்குரிய பயிருக்கு இடங்கொடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. லட்சம் பேருக்கு இத்தனை ஏக்கர் என்று பயிர்வாரியாகக் கணக்கிட்டும் காட்டினார். அவருடைய கணக்கில் பாலும் நெய்யும் இடம் பெற்றிருந்தன. இன்றைய வீடுகளில் பால் வெளியே போய்விடுவதால், பயறும் எள்ளும் கீரையும் அவ்விடத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஒரு லட்சம் பேருக்குப் பொருந்தும் கணக்கை ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குச் சுருக்கிப் பார்க்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருப்பும் பயறும் சேர்த்து 85 கிராம் கூறப்பட்டிருக்கிறது. ஐந்து பேருக்கு 425 கிராம். வருஷத்திற்கு 155 கிலோ. மானாவாரியில் ஏக்கருக்கு 250 கிலோ பயறு கிடைப்பதாக வைத்துக்கொண்டால், இதற்கு வேண்டிய நிலம் 62 சென்ட். ஐந்து ஏக்கர் உடைய குடியானவருக்கு இது எட்டில் ஒரு பங்கு. அந்த எட்டிலொரு பங்கும் தனி நிலமாக இருக்கவேண்டியதில்லை. நெல் வயலின் வரப்பில் உளுந்தும் துவரையும் ஊன்றலாம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, ஈரம் காயாத வயலில் உளுந்தையோ பாசிப்பயற்றையோ விதைத்து, பனியின் ஈரத்திலேயே விளையச் செய்யலாம். கம்பிலும் சோளத்திலும் ஊடுபயிராகத் தட்டைப்பயறும் மொச்சையும் வரும். பயறு வேரிலுள்ள முண்டுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதனால், அடுத்த போகத்து உரச்செலவிலும் சிறிது மிச்சமாகும்.

பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பகுதிகளின் கரிசலில் குதிரைவாலி இன்னும் அழிந்துபடவில்லை. சற்றேறக்குறைய மூன்று மாதப் பயிர். மழை சிறிது தவறினாலும் தாங்கும். மதுரை வேளாண்மைக் கல்லூரியிலிருந்தே மதுரை 1 என்னும் குதிரைவாலி ரகமும் வெளிவந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதனால் நகரங்களில் இத்தானியங்களுக்குக் கிராக்கியும் உண்டாயிற்று. ஆனால் விளைந்த குதிரைவாலி முழுவதையும் நகரத்திற்கு விற்றுவிட்டு, விளைவித்தவர் வீட்டில் கடை அரிசி பொங்குவதை முன்னேற்றமென்று சொல்லலாகாது.

வட்டிலில் வகை சேர்ப்பது எப்படி?

வயலில் வகை உண்டானால் அடுக்களையில் வகைக்குப் பஞ்சமில்லை. பால் சேராமல், நெய் சேராமல், வாரத்தில் ஏழு நாளும் ஏழு விதமாகச் சமைக்கத்தக்க முறைகள் இந்த ஜில்லாவின் பழக்கத்திலேயே உள்ளன. வரகரிசிச் சோறும் கத்தரிக்காயிட்ட மொச்சைக் குழம்பும் ஒரு நாள். கேப்பைக் களியும் கடைந்த கீரையும் ஒரு நாள். கம்பஞ்சோறும் தட்டைப்பயற்றுக் குழம்பும், சின்ன வெங்காயமும் ஒரு நாள். குதிரைவாலியையும் பாசிப்பருப்பையும் சேர்த்து, நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் மிளகு சீரகம் தாளித்த பொங்கலும், தேங்காய்த் துவையலும் ஒரு நாள். புழுங்கலரிசிச் சோறும், முருங்கைக்கீரைப் பொரியலும், கொள்ளு ரசமும் ஒரு நாள். வாழைப்பூவுடன் துவரம்பருப்பை அரைத்துச் சேர்த்த உசிலியும், கருணைக்கிழங்கு மசியலும் ஒரு நாள். தேங்காய்ப்பால் விட்ட காய்கறிக் குழம்பும் ஆப்பமும் ஒரு நாள். இடையிடையே எள்ளுத் துவையல், பிரண்டைத் துவையல், சுண்டல், நிலக்கடலை, சோளப் பணியாரம். இவற்றுள் எதுவும் அயலூரிலிருந்து கற்கவேண்டியதன்று. மூத்தவர்களைக் கேட்டால் அளவும் பக்குவமும் சொல்லுவார்கள்.

இவ்வகைகளில் அடங்கிய நியாயம் கவனிக்கத்தக்கது. அரிசி முதலிய தானியங்களின் புரதத்தில் குறைவாயுள்ள ஓர் அம்சம் பயறுகளில் நிறைந்திருக்கிறது. பயறுகளில் குறைவாயுள்ளது தானியத்தில் உண்டு. ஆதலின் தானியமும் பயறும் ஒரே நாளில் சேர்ந்து உண்ணப்படும்போது ஒன்றன் குறையை மற்றது நிரப்புகிறது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்திட்டு அரைக்கும் இட்டலி மாவில் இவ்வுண்மையே அடங்கியுள்ளது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடையுள்ள பசும்பாலில் உள்ளது சற்றேறக்குறைய 120 மில்லிகிராம். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் எளிதில் ஒட்டுவதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி ஆகிய புளிப்புகளுடன் சேர்ந்தால் நன்கு ஒட்டும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் ஒட்டாது போய்விடும். ஆகவே தேநீரை உணவினின்று ஒரு மணி நேரமாவது தள்ளிவைப்பது செலவில்லாத வைத்தியம்.

பாலைப் பற்றிக் கவலையுறுவோர் மதுரை வீதிகளில் விற்கும் பருத்திப்பாலை நினைவிற் கொள்வார்களாக. பருத்திக்கொட்டையை இரவில் ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் காய்ச்சும் அப்பானம் மாட்டுப்பாலின் துணையின்றியே வயிற்றை நிறைக்கிறது. பருத்தி விளைந்த கரிசற் பூமிக்குரிய பண்டம் அது. இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். விதைப்புக்கென்று பொட்டலமாக விற்கப்படும் பருத்தி விதை மருந்து கலந்தது. அதனை எக்காரணத்தாலும் உணவுக்கு எடுக்கலாகாது. உணவுக்கென விற்கும் கொட்டையையே வாங்குதல் வேண்டும். பருத்திக்கொட்டையில் இயற்கையாகவே சிறிது நச்சுப்பொருள் இருப்பதால், பாலை நன்றாகக் கொதிக்கவைத்தே அருந்த வேண்டும். மிகுதியாக அருந்துதலும் தகாது.

தாவர உணவு எல்லாவற்றையும் தந்துவிடும் என்று சொல்வதும் பொய்யாகும். பி12 என்னும் ஜீவசத்து தானியத்திலும் பயற்றிலும் கீரையிலும் கிடைப்பதில்லை. அது குறைந்தால் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் உண்டாகும். 1912ஆம் ஆண்டில் பாலைத் துறந்த காந்தியடிகள், பின்னர்க் கடும் நோயுற்று மெலிந்தபோது ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். பாலுக்கு நிகரான தாவர உணவைத் தேடியும் காணாத வருத்தம் அவருக்கு இருந்தது. பி12 பிரித்தறியப்பட்டதோ அவர் மறைந்த 1948ஆம் ஆண்டில்தான். இன்று அச்சத்து மாத்திரையாகவே கிடைக்கிறது. ஆகையால் பாலை முற்றும் விட்டவர்களும், கர்ப்பிணிகளும், கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மாரும் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரின் யோசனைப்படி அதனை உட்கொள்ள வேண்டும். சங்கத்திற்குப் பால் ஊற்றும் வீட்டார், கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் உரிய பாலை முதலில் அளந்து வைத்துவிட்டு மிச்சத்தை ஊற்றுவது அதனினும் சிறந்தது.

உரலுக்குத் திரும்புவதா?

இந்த யோசனைக்கு ஓர் ஆட்சேபம் உண்டு, அது பெண்களிடமிருந்தே எழும், எழுவது நியாயமும்கூட. வரகும் சாமையும் குதிரைவாலியும் நெல்லைப்போல் எளிதில் உமி கழலுகிற தானியங்கள் அல்ல. வரகின் உமி பல அடுக்காகப் படிந்து கல்போல் ஒட்டியிருக்கும். அதனைத் திருகையில் திரித்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து அரிசியாக்குவதற்குள் ஒரு பெண்ணின் பாதி நாள் போய்விடும். சிறுதானியம் வீட்டை விட்டுப் போனதற்கு நெற்சோற்றின் கௌரவம் ஒரு காரணமென்றால், இவ்வுழைப்பு மற்றொரு காரணம். பழையவற்றைப் புகழ்கிறவர்கள் உரலடியில் நின்றவர்கள் அல்லர். ஆகவே சிறுதானியத்தை மீட்பதென்பது உலக்கையை மீண்டும் பெண்கள் கையில் கொடுப்பதாக இருக்குமாயின், அது வேண்டவே வேண்டாம்.

இக்காலத்தில் உமி நீக்கும் சிறிய இயந்திரங்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று வேண்டியதில்லை. நாலைந்து ஊர்களுக்கு நடுவே ஒன்று இருந்தால் போதும். மாவு அரைக்கும் மில்லுக்குச் செல்வதுபோல் ஒரு மூட்டை வரகை எடுத்துச்சென்று அரிசியாக்கிக் கொண்டுவர இயலவேண்டும். இயந்திரம் இல்லாதவிடத்து, விளைந்த தானியம் உமியோடு வியாபாரிக்குப் போய், தீட்டப்பட்டு, இருமடங்கு மும்மடங்கு விலையில் அதே ஊர்க் கடைக்குத் திரும்புகிறது. உழவர் உற்பத்தியாளர் குழுக்களும், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களும், ஊராட்சித் தலைவர்களும் மனம்வைத்தால் செய்யக்கூடிய காரியம் இது. சாலையும் சாவடியும் போன்றே இதுவும் ஊர்ப்பொதுக் காரியமாகக் கருதப்பட வேண்டும்.

மற்றோர் ஆட்சேபம் வருமானத்தைப் பற்றியது. மல்லிகையும் பருத்தியும் மக்காச்சோளமும் ரொக்கம் தருகின்றன. அவ்விடத்தில் பயறு விதைத்தால் நஷ்டமல்லவா என்று கேட்கலாம். பணப்பயிரை விட்டுவிடும்படி இங்கே கூறப்படவில்லை. எட்டில் ஏழு பங்கு சந்தைக்கே இருக்கட்டும். எட்டிலொரு பங்கின் விளைவை, அறுவடைக் காலத்து விலையில் அல்ல, கார்த்திகை மார்கழியில் கடையில் பருப்பு வாங்கும் விலையில் மதிப்பிட்டால்தான் உண்மைக் கணக்கு தெரியும். அறுத்தவுடன் மலிவாக விற்று, ஆறு மாதம் கழித்து அதையே கூடுதல் விலைக்கு வாங்குகிற குடும்பம், விற்பதிலும் இழக்கிறது, வாங்குவதிலும் இழக்கிறது.

செய்யத்தக்கவை

நிலக்காரர்கள் செய்யத்தக்கது முதலாவது: ஆடியிலும் புரட்டாசியிலும் விதைப்புக்கு முன்னர், அடுக்களைக்கு வேண்டிய தானியம், பயறு, எள் ஆகியவற்றின் கணக்கை வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுதல். மாதம் எத்தனை படி துவரை, எத்தனை படி உளுந்து என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. இதுவரை அவர்களைக் கேட்கும் வழக்கம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. இரண்டாவது: புழக்கடையில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் பாயுமிடத்தில் முருங்கை, அகத்தி, பப்பாளி, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றையும், ஒரு பந்தலில் அவரை, பீர்க்கு, புடலையையும், இரண்டு பாத்திகளில் கீரையையும் வைத்தல். மூன்றாவது: உபரியாக விளைந்த பயற்றில் ஒரு பகுதியைத் தம் நிலத்தில் உழைப்பவர்களுக்கு அறுவடைக் காலத்து விலையிலேயே கொடுத்தல். களத்தில் கூலி அளந்த காலத்திற்குத் திரும்புவது அன்று இது. பணக்கூலியும் குறையாமல், பயறும் ஊரை விட்டுப் போகாமல் இருக்கும் வழி.

கிராம நிர்வாக அலுவலர்களும் உதவி வேளாண்மை அலுவலர்களும் செய்யத்தக்கதும் உண்டு. பயிராய்வின்போது பிரதான பயிரை மட்டும் குறித்துவிட்டு, வரப்பில் நிற்கும் துவரையையும் ஊடே நிற்கும் மொச்சையையும் விட்டுவிட்டால், அவ்வூரில் பயறே இல்லையென்று கணக்கு சொல்லும். கணக்கில் இல்லாததற்கு விதை தருவிப்பாரும் இரார். கலப்புப் பயிரையும் சேர்த்துக் குறித்தால், அடுத்த பருவத்துக்கு வேண்டிய விதை எவ்வளவு என்பது முன்கூட்டியே புலப்படும்.

பலவகை உணவைத் திட்டமிட்டுச் சமைப்பது நடவாத காரியமல்ல என்பதற்கு மதுரை நகரமே சாட்சி. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி, ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. திங்கள் முதல் வெள்ளி வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றி, காய்கறிச் சாம்பாருடன் வழங்குமாறு அதற்குப் பட்டியல் வகுக்கப்பட்டது. அடுத்த நாள் அடுப்பில் எது ஏறவேண்டும் என்பதை முன்னதாகவே அறிந்து, அதற்குரிய பண்டங்களை முன்னதாகவே சேகரித்து வைப்பதே அதன் சூக்ஷ்மம். பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குப் பண்டம் கிடங்கிலிருந்து வருகிறது. குடியானவர் வீட்டுச் சமையலறைக்குக் கிடங்கு அவருடைய வயலேயாகும்.

வடகிழக்கு மழை தொடங்குமுன் மானாவாரி நிலங்களில் உழவு நடக்கும். அப்பொழுது விதைப்பெட்டியில் பருத்தி விதையோடும் மக்காச்சோள விதையோடும் ஒரு படி துவரையும், ஒரு படி மொச்சையும், அரைப்படி தட்டைப்பயறும், சிறிது எள்ளும் இருக்குமானால், தை மாசியில் அவ்வீட்டு அடுக்களையில் குறைந்தது நாலு வகைக் குழம்புக்கு வழி பிறந்துவிடும். அவ்விதை பெட்டியில் இல்லையானால், எத்தனை சமையல் புத்தகம் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை.